சில்பர்லானர் மலையைத் திறக்க மறுத்த பெருமாட்டி வால்புர்கா கோஃப்லர் அவர்களுக்கு

வெள்ளிப் பனி போர்த்த சில்பர்லானர் மலையின் வீரத் திருமகளே! விடியுமுன் எழுந்து எங்களுக்கு வழியமைத்த வித்தகரே! அன்பில் அன்னையாகவும் ஆணையில் அரசியாகவும் எங்களை ஆண்ட அம்மையீர்! தாங்கள் பணி நிறைவு காணும் இந்நன்னாளில், தங்களிடம் பாராட்டைவிடத் திட்டையே அதிகம் வாங்கிய நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இம்மலையின் வரலாறே தங்கள் குடும்பத்தின் வரலாறு. போர் முடிந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய தங்கள் தந்தையார் செவெரின், மாடு மேய்த்த சரிவில் பனிச்சறுக்குத் தளம் அமைக்கப்போவதாகச் சொன்னபோது, நம் டிரோல் பள்ளத்தாக்கே விழுந்து விழுந்து சிரித்தது. "பாலைக் கறக்கத் தெரியாதவன் பனியைக் கறக்கப் போறானாம்!" என்று மதுக்கடையில் கேலி பேசினார்கள். தந்தையார் மரங்களை வெட்டிச் சாய்த்தார். தாயார் அகதா முதுகுக் கூடையில் சிமெண்டு சுமந்தார். அண்ணன் கொர்பினியன் குழி தோண்டினார். சிறுமியான தாங்கள் இரும்புத் தூண்களுக்குச் சாயம் பூசினீர்கள். ஒரு கிறிஸ்துமஸ் காலையில், சறுக்க வருவோரைக் கம்பிவடத்தால் மேலே இழுத்துச் செல்லும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. முதலில் கம்பியைப் பற்றிக்கொண்டு மேலே போனவர், மதுக்கடையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்த பங்குப் பாதிரியார்தான்!

அன்று ஏறத் தொடங்கிய கூட்டம் ஆண்டுதோறும் பெருகியது. மாட்டுக் கொட்டகை உணவகமாயிற்று. வைக்கோல் பரண் விடுதியாயிற்று. மலை உச்சிவரை இரண்டாம் லிஃப்டும் எழுந்தது. தந்தையாருக்கு முதுமை வந்தபோது நிர்வாகத்தை அண்ணனிடமும், மலையின் பாதுகாப்பைத் தங்களிடமும் ஒப்படைத்தார்.

அதன்பின் வந்த பிப்ரவரி விடுமுறை வாரத்தை இப்பள்ளத்தாக்கு மறக்குமா? பெரும்பனி கொட்டி ஓய்ந்து, வானம் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது. அறைகள் நிரம்பி வழிந்தன. விடியற்காலையில் மேலே சென்று பனியைத் தோண்டிப் பார்த்த தாங்கள், புதுப்பனிக்கு அடியில், அதன் பாரம் தாங்காமல் எந்நேரமும் சரிந்துவிடக்கூடிய, சர்க்கரை போல உதிரும் ஓர் அடுக்கைக் கண்டீர்கள். இறங்கி வந்ததும் மேல் லிஃப்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள்.

"வெயில் பல்லைக் காட்டுது, நீ பூட்டுறியா? உனக்குப் பைத்தியமாடி, புர்கி?" என்று கத்தினார் அண்ணன்.

"பைத்தியம்னே வச்சுக்கோண்ணா. சாவி கிடைக்காது."

முதல் நாள் மலை அசையவில்லை. இரண்டாம் நாளும் அசையவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு அடுத்த பள்ளத்தாக்குக்கு வண்டியேறினார்கள். இரவு உணவின்போது தந்தையார் ஒன்றே ஒன்று கேட்டார்:

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"தெரியாதுப்பா. ஆனா திறக்க மாட்டேன்."

தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். ஆயினும், அந்த ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லத் தங்களுக்கு வாய் வரவில்லை. அஞ்சாமை என்பது ஐயமின்மை அல்ல, அம்மையீர்! ஐயத்தை மடியில் கட்டிக்கொண்டே அசையாமல் நின்றீர்களே, அதுவே அஞ்சாமை!

மூன்றாம் நாள் காலை, சாவியைப் பறித்தே தீருவதென்று அண்ணன் தங்கள் கையைப் பிடித்துத் திருகினார். அந்த நொடியில் மலையின் வயிற்றுக்குள்ளிருந்து உறுமல் ஒன்று எழுந்தது. மேற்சரிவு முழுவதும் பெயர்ந்து புகையாய் இறங்கியது. தூண்கள் குச்சிகளாய் முறிந்தன. உச்சி நிலையம் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் அச்சரிவில் அப்போது ஓர் ஈ காக்கை இல்லை!

புகை அடங்கியதும் அண்ணன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் பையன் இன்னிக்கு வரிசையில முதல் ஆளா நின்னானே, புர்கி..."

"பார்த்தேண்ணா. கூட்டத்துலயே என்னை அதிகமாத் திட்டினவன் அவன்தான்!"

அழுகையும் சிரிப்புமாய் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டதைக் கண்டவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள்.

மேல் லிஃப்ட் போயிற்று, ஊர் கைவிடவில்லை. இனி எழ முடியாது, விற்றுவிடுங்கள் என்று வெளியூர்ப் பெருநிறுவனம் தூது அனுப்பியது. தாங்களோ பனி உருகியதும் மண்வெட்டியோடு மலையேறினீர்கள். பின்னாலேயே வந்தார் அண்ணன். அவருக்குப் பின்னால் பள்ளத்தாக்கே வந்தது. ஏசிவிட்டுப் போன விருந்தினர்களும் கோடை விடுப்பெடுத்து வந்து கல் சுமந்தார்கள். சரிவை விட்டு விலகி, பனி பாயாத பாறை முகட்டின்மேல் புது லிஃப்ட் பாதை எழுந்தது. அடுத்த குளிர்காலத்தில் தேவாலய மணிகள் முழங்க, முன்னிலும் உயரத்துக்கு ஏறினோம்! இன்றுவரை தங்கள் காவலில் ஒரு குடும்பமும் மலையடியில் நின்று அழுததில்லை. இதைவிடப் பெரிய பட்டம் எந்த அரசாலும் எவருக்கும் தந்துவிட முடியாது!

அம்மையீர்! இத்தனை குளிர்காலங்களில் ஒருமுறையேனும் கடமையின்றி, கைத்தடியும் கயிறுமின்றி, இம்மலையில் தாங்கள் ஏறியதுண்டா? நோயின்றி, நோவின்றி, நூறாண்டு தாண்டியும் நிமிர்ந்து நடக்க வாழ்த்துகிறோம். நாளைக் காலை வெயில் ஏறும்வரை உறங்குங்கள், தேநீரை ஆறவைத்துக் குடியுங்கள், பிறகு வாருங்கள். லிஃப்டின் முதல் நாற்காலியில் கம்பளி விரித்து வைத்திருப்போம். தாங்கள் வந்து அமரும்வரை இந்த மலையில் கம்பிவடம் நகராது!

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
சில்பர்லானர் மலையின் லிஃப்ட் பணியாளர்கள், சரிவுக் காவலர்கள், சமையற்கூடத்தார்