கைப்பிடியின் முனை

உட்காருவதற்கு நாற்காலி செய்வது சுலபம். ஒரு மரக்கட்டையை உருட்டிப் போட்டால்கூட மனிதன் அதில் உட்கார்ந்துவிடுவான். எழுந்திருப்பதற்குச் செய்வதுதான் வேலை. என்னிடம் வாங்க வருகிறவர்கள் சாய்ந்து பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், நன்றாயிருக்கிறது என்பார்கள். எது தங்களைத் தூக்கிவிட்டது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டமான சரக்குதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் எழும்போது குதிகால் பின்னால் போக அடியில் இடமிருக்கிறது. கைப்பிடி நன்றாக முன்னால் நீண்டு, உள்ளங்கை ஊன்றத் தட்டையாக இருக்கிறது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் உங்களைப் போன்ற திடகாத்திரமான ஆளே கொஞ்சம் முக்கி முனகித்தான் எழ வேண்டியிருக்கும்.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டர் நல்ல வார்த்தைதான் சொன்னார். தினமும் எழுந்து நடந்தால் பழையபடி ஆகிவிடுவாள், உட்கார்ந்தே கிடந்தால்தான் ஆபத்து, கால் சூம்பிவிடும், ரத்தம் உறைந்துபோகும் என்றார். எனக்கு ஒருமுறை சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்த அன்று மாலை அவள், "கால் சரியானதும் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்," என்றாள்.

"போயிட்டு வா," என்றேன்.

"வர்றதுக்கில்ல. போறதுக்குத்தான் சொல்றேன்."

சண்டை ஒன்றும் இல்லை. நான் குடிக்கிறவனில்லை, கை நீட்டுகிறவனில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இத்தனை காலம் சுவரோடு குடித்தனம் நடத்தியது போதும் என்று மட்டும் சொன்னாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளும் போய்விட்டால் அதில் என்ன இருக்கும் என்று யோசித்தேன். எனக்குப் பயம் வந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வராது, செய்யத்தான் வரும்.

உனக்கு ஒரு நாற்காலி செய்கிறேன் என்றதும் அவள் சிரித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் பண்ணினீங்க. எனக்குன்னு பண்ண இப்பதான் கை வந்துச்சா?" அப்படிச் சொன்னாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அகலத் தட்டில் ஈரக்களிமண் நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, அவளை மெல்ல உட்காரவைத்து அச்சு எடுத்தேன். அந்த அச்சைப் பார்த்தே இருக்கைப் பலகையைக் குடைந்தேன். முன்பக்கம் மேடு, பின்பக்கம் நல்ல பள்ளம். சாய்மானச் சட்டங்களை நீராவியில் வேகவைத்து, அவள் முதுகின் போக்கிலேயே வளைத்தேன். என் கையிலிருந்து இப்படி ஒரு வளைவு அதற்குமுன் வந்ததில்லை. இருக்கையை அவள் முழங்கால் மட்டத்துக்கு நன்றாகக் கீழே இறக்கினேன். குதிகால் போகும் இடத்தை, அழகுக்கு என்று சொல்லி, வளைந்த பலகையால் மூடினேன். கைப்பிடிகளைத் தொடையின் நடுவிலேயே முடித்து, முனைகளைக் கூழாங்கல் போல உருட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எப்போதும் அவள் வேலை. கட்டிலில் சாய்ந்தபடியே கைப்பிடிகளை மடியில் வைத்துத் தேய்த்தாள்.

"முனை கையில நிக்கலையே, வழுக்குது," என்றாள்.

"இன்னும் கொஞ்சம் தேய்," என்றேன். தேய்த்தாள்.

காலையில் தூக்கி உட்காரவைப்பேன், இரவில் தூக்கிப் படுக்கவைப்பேன். மற்றதெல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடும். நான் முகம் சுளித்ததில்லை. எழ முடியாததைத் தன் இடுப்பின் குற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண், "இது ரொம்பத் தாழ்வா இருக்கு, வேற நாற்காலியில உட்கார வைங்க," என்றாள். கெட்டிக்காரப் பெண். என் மனைவி இப்போது நன்றாக நடக்கிறாள், இனி வரவேண்டாம் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். வீட்டிலிருந்த மற்ற நாற்காலிகளைப் பழுது பார்க்கப் பட்டறைக்குக் கொண்டு போனேன். ஒன்றிலும் பழுதில்லை.

ஒருநாள் மதியம் சாப்பிட வந்தபோது அவள் எழ முயன்றுகொண்டிருந்தாள். சத்தம் போடாமல் நின்று பார்த்தேன். உள்ளங்கையை ஊன்றினால் நழுவியது. குதிகாலைப் பின்னால் இழுத்தால் பலகை இடித்தது. பாதி எழுந்தால் பள்ளம் திரும்ப வாங்கிக்கொண்டது. கடைசியில் ஓய்ந்துபோய், கைப்பிடி முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். எத்தனையோ கைப்பிடிகளைத் தேய்த்த விரல் அது.

"தெரிஞ்சேதான் பண்ணினீங்களா?"

"சாப்பாடு போடட்டுமா?" என்றேன்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் மட்டும், "இந்த நாற்காலி என்னை விடமாட்டேங்குது," என்று அழுதாள். அந்த அம்மாள் சிரித்தாள். "இவ்வளவு சுகமா இருந்தா யாருக்கு எழ மனசு வரும்? கொடுத்து வச்சவம்மா நீ. எங்க வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துத் தந்ததில்ல." அக்கா போன் செய்யும்போதெல்லாம் நானே எடுத்து, தூங்குகிறாள் என்றேன்.

கால்கள் சூம்பின. பிறகு இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவரிடம் கூட்டிப்போனால் நடக்கவைத்துவிடுவார் என்பதும் தெரியும். கூட்டிப்போகவில்லை. ஒரு காலையில், உட்காரவைத்துக் கொஞ்ச நேரத்தில், மூச்சு வாங்கியது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

இப்போது அந்த நாற்காலியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து, எழுந்து, இதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். அவர்களுக்கு நல்ல கால்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அது கைத்தவறு இல்லை. அவள் நடக்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் தங்கையை அடைத்து வைத்திருந்தேன் என்று அவளுடைய அக்கா சொல்கிறாளே, அதை மட்டும் எழுதாதீர்கள். அது அபாண்டம். பட்டறைக்குப் போகும்போதுகூட நான் கதவைப் பூட்டியதில்லை. போக வேண்டும் என்று அவள் நினைத்திருந்தால், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போயிருக்கலாம்.