குளத்தில் வளரும் அமெரிக்க இறால்

அறந்தாங்கியில் பஸ் கிளம்பியதும் என் முன் சீட்டில் இருந்தவர் சொன்னார்: "நம்ம குளத்துல வளர்றதே அமெரிக்கா இறாதான் மாப்ள."

அவர் மணமேல்குடிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. நம் இறாலுக்கு அமெரிக்கா வரியைக் கூட்டியதால் வாங்கும் கம்பெனி விலையைக் குறைத்துவிட்டது. பண்ணை காய்ந்து கிடக்கிறது.

"அவன் வரி போட்டா நம்மளும் அவன் சாமானை வாங்கக் கூடாது மச்சான். நாட்டுக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா முட்டை போடுற தாய் இறாலே அங்கிட்டிருந்துதான் பிளைட்டுல வருது. அதை நிறுத்துனா குஞ்சுக்கு எங்கிட்டுப் போறது?"

"அப்ப அவனுக்கு ஏன் அனுப்பணும்? நம்ம சனமே திங்கட்டுமே."

"நீ திம்பியா?"

மைத்துனர் குரலைத் தணித்தார். "எனக்கு ஒத்துக்காதுங்க மச்சான். ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிரும்."

பண்ணைக்காரர் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "வேலையாளுக ரெண்டு பேரும் கேரளாவுக்குப் போறேங்கிறாங்க. போனா திரும்ப மாட்டாங்க. ஒரு குளத்துக்கு மட்டும் குஞ்சு விடலாம்னு இருக்கேன். இங்கேயே விக்கத்தான்."

"கட்டுபடி ஆகுமாங்க?"

"ஆகாது. ஆனா ஆளுக போகாம நிப்பாங்க."

மைத்துனர் யோசித்தார். "புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு என் வேன்லயே ஏத்திக்கிட்டுப் போயிருவோம்."

"ஸ்கூல் புள்ளைக ஏறுற வேனு. ஐஸ் தண்ணி ஒழுகும்ப்பா."

"ஒழுகட்டுங்க மச்சான். கழுவிக்கிறேன்."