அழுகைக்கு மாத்திரை

— ஒரு சொட்டுக்கூட வரலம்மா.

— என்ன வரல? குழாயில தண்ணியா?

— அப்பா கண்ணுல. அரைமணி நேரமா கட்டில் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கையப் பிடிச்சேன், நெத்தியத் தடவினேன். ஜன்னலயே பாத்துட்டு இருக்காரு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்கு வந்த ஆளப் பாக்கற மாதிரி என்ன ஒரு தடவ பாத்தாரு. அவ்வளவுதான்.

— தூக்கக் கலக்கமா இருக்கும். அது கெடக்கட்டும், இந்தக் கேரட்டக் கொஞ்சம் மசிச்சுக் குடு. கட்டி இருந்தா அவருக்குத் தொண்டையில நின்னுக்கும்.

— கலக்கமெல்லாம் இல்ல, நல்லா முழிச்சுட்டுத்தான் இருக்காரு. மூணு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம வரேன். நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள அழ ஆரம்பிச்சிடுவாரு. இன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு? நீ என்ன பண்ணின?

— நான் என்னடி பண்ணேன். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினாரு. பத்து நாளா குடுக்கறேன்.

— என்ன மாத்திரை?

— அலமாரியில பச்சை மூடி டப்பா. நீயே பாரு.

— அம்மா... இது எனக்குத் தெரியுமே.

— தெரியும்னுதான் சொல்லாம இருந்தேன்.

— இது நான் காலேஜுல போட்டுட்டு இருந்தது. பேரு அதேதான். அட்டை கலர்தான் மாறியிருக்கு.

— எனக்கும் மருந்துக்கடையிலயே புரிஞ்சுபோச்சு. நேரா டாக்டர்கிட்ட போய் நின்னேன். இது மனசு ஒடிஞ்சவங்களுக்குக் குடுக்கறதாச்சே, என் பொண்ணுக்குக் குடுத்தாங்களேன்னேன். அதுக்கும் இதுதாம்மா, சும்மா சும்மா பயந்து சாகறவங்களுக்கும் இதுதான், தேஞ்சு போற அளவுக்குக் கைகழுவிட்டே இருக்கறவங்களுக்கும் இதுதான், இவர மாதிரி வாதம் வந்து அழுகை நிக்காம போனவங்களுக்கும் இதுதான்னாரு. செரோட்டோனின்னு ஒண்ணு இருக்காம் மூளையில. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு அதக் குடுத்துச் சேதி அனுப்புமாம். குடுத்த கையே உடனே பிடுங்கிக்குமாம். இந்த மாத்திரை பிடுங்க விடாம கொஞ்ச நேரம் அங்கயே நிக்க வைக்குமாம். நல்லா சொல்றாரு அந்த டாக்டர், எனக்கே புரியுதுன்னா பாத்துக்கோ.

— ஒரு நிமிஷம். அப்பா இதப் போட்டுக்கறாரா? தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான்.

— பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் பையைத் துழாவி இதே அட்டைய எடுத்து, ஒவ்வொண்ணா பிதுக்கிக் கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்தினவரு. இந்த வீட்டுல யாருக்கும் கிறுக்கு இல்லன்னாரு. படக்குனு நிறுத்தினதுல ஒரு வாரம் தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி. கழுத்தத் திருப்பினா சுத்தும். கடைசிப் பரீட்சைக்கு மூணு நாள். ரூம்ல வெச்சுப் பூட்டி, அழு, அழுது முடிச்சா தானா சரியாயிடும்னாரு. நீ கதவுக்கு அடியில தட்டத் தள்ளிட்டு இருந்த.

— கதவுக்கு அடியில தட்டு போகாது. ஜன்னல் வழியா குடுத்தேன்.

— சரி, ஜன்னல் வழியா. பூட்டத் திறக்கலல்ல.

— திறக்கல.

— சரி விடு. உன்னக் குத்திக்காட்ட வரல. இந்த மாத்திரை வேண்டாம்மா. அவருக்குக் குடுக்காத.

— எல்லாம் டாக்டர் சொன்னது. அழும்போது புரை ஏறுது. போன மாசம் ரெண்டு தடவ மூச்சு முட்டிக் கண்ணு மேல சொருகிடுச்சு. சாப்பாடு நுரையீரலுக்குள்ள போச்சுன்னா ஆளே மிஞ்ச மாட்டாருங்கறாங்க. தண்ணியக்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் குடுக்கறேன், பாத்தியா.

— சாப்பிடற நேரம் பாத்து நான் உள்ள வராம இருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் மாத்திரைய நிறுத்து. அது போதும்.

— அது என்ன லைட்டு சுவிட்சா, நீ வரும்போது போடவும் போகும்போது அணைக்கவும்? நீ பட்டுத் தெரிஞ்சவதானே.

— அப்போ மொத்தமா நிறுத்து. அழட்டும். அழுதா மனசு லேசாகும். இத்தனை வருஷம் உள்ள வெச்சிருந்தது இப்பத்தான் வெளிய வருது. அழுது முடிச்சா தானா...

— முடி. ஏன் பாதியில நிறுத்திட்ட? உங்கப்பா மாதிரியே பேசற, அதே குரல்ல. அவருக்குக் கோவம் வந்தா இப்படித்தான் இடது புருவம் தூக்கும்.

— நான் அவர் மாதிரி இல்ல.

— இல்லதான். அந்தக் கேரட்டு ஆறிப்போச்சு, வெச்சுடு.

— அம்மா, உனக்குப் புரியல. நான் டிரைவிங் சொல்லிக் குடுக்கற காருல எனக்குன்னு தனி பிரேக்கு இருக்கும் தெரியுமா, பக்கத்து சீட்டுக்கு அடியில? வண்டிய விட்டு எறங்கினாலும் என் கால் அது மேலயேதான் இருந்துச்சு, பதினோரு வருஷமா. யாரு பக்கத்துல உக்காந்தாலும் சரி, என்னக் கட்டினவரா இருந்தாலும் சரி. இப்ப இடிக்கப் போறான், இப்ப இடிக்கப் போறான்னு. மூணு மாசமாத்தான் கால எடுத்திருக்கேன். ஏன் தெரியுமா? முதல் நாள் நான் உள்ள வந்தப்ப அவரு தேம்பின தேம்பல். என் கையப் பிடிச்சுட்டு விடவே இல்ல. வாயால கேக்க முடியாத மன்னிப்ப அப்படிக் கேட்டாரு. வேற எப்பவும் எனக்கு அது கெடைக்கல. இனிமேலும் கெடைக்காது. அடுத்த வாரம் பொண்ணக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன். தாத்தா ஒரு தப்புப் பண்ணாரு, அழுது மன்னிப்புக் கேட்டுட்டாருன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

— கொழந்தைகிட்ட எதுக்கு அதெல்லாம் சொன்ன.

— பின்ன, இத்தனை நாள் தாத்தாவ ஏன் காட்டலன்னு கேட்டா என்ன சொல்றது?

— இங்க வா. இந்த ஸ்டூல்ல உக்காரு. டாக்டர் சொன்னத முழுசாச் சொல்லிடறேன். அது மன்னிப்பு இல்ல. மூளையில அழுகைய அடக்கி வெக்கற எடம் அடிபட்டுப் போச்சு. ஒண்ணுமில்லாததுக்கும் பொங்கிடும். நீ வந்தா மட்டும் அழலடி அவரு.

— என்கிட்ட வேற மாதிரி அழுதாரு.

— முதல் நாள் நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்து படுக்க வெச்சு, போர்வைய இழுத்து விட்டேன். என்னப் பாத்து ஓன்னு அழுதாரு. முப்பத்தாறு வருஷத்துல என் முன்னாடி அவரு கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல. போதும், போதும், எல்லாத்தையும் மறந்துட்டேன்னு அவரு கையப் பிடிச்சு நானும் அழுதேன். பழசு ஒண்ணு விடாம மன்னிச்சேன். நல்லா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தாங்க.

— அதுக்கென்ன?

— சிலிண்டர்காரரப் பாத்தும் அதே அழுகை. அவரு கையையும் பிடிச்சுட்டாரு. பாவம், அந்த மனுஷன் பயந்துபோய் ரெண்டு ரெண்டு படியா தாண்டி எறங்கிட்டாரு. இப்பல்லாம் சிலிண்டரக் கீழயே வெச்சுட்டுப் போயிடறாரு. சாயங்காலம் டிவியில சிமெண்ட் விளம்பரத்துக்கு அழுதாரு. அன்னிக்கு ராத்திரி நான் குடுத்த மன்னிப்பையெல்லாம் ஒவ்வொண்ணா திருப்பி எடுத்துக்கிட்டேன்.

— அப்போ போன்ல? என் போட்டோவக் கையில வெச்சு அழறாருன்னு சொன்னியே. அதக் கேட்டுத்தானே ஓடி வந்தேன்.

— அழுதது நிஜம். அதுக்கு அடியில கரண்ட் பில் இருந்துச்சு. அதப் பாத்தும் அழுதாரு. அத உன்கிட்ட சொல்லல.

— ஏம்மா?

— எனக்கு நீ வேணும்டி. வேற என்ன சொல்லியிருந்தா வந்திருப்ப?

— சிரிப்பா வருது எனக்கு.

— சிரி. பாத்து ரொம்ப நாளாச்சு.

— ஒரு நிமிஷம் இரு. டாக்டர் ஒண்ணுமில்லாததுக்கா சொன்னாரு? சரியா யோசிச்சுச் சொல்லு.

— சின்னதா ஏதாவது மனசுல தட்டினாலும் பெரிசாக்கிக் காட்டிடுமாம். அப்படித்தான் சொன்னாரு.

— ஆங். சின்னதா இருந்தாத்தானே பெரிசாக்க முடியும்? சிலிண்டர்காரர் வந்தா ஒரு கூச்சம், யாரோ வெளி ஆள் தன்ன இப்படிப் பாக்கறாரேன்னு. அது பெரிசாச்சு. என்னப் பாத்தா என்ன இருக்கும்? ஏதோ ஒண்ணு இருக்கணும்ல? கடுகளவு போதும்மா எனக்கு. நான் நிறைய கேக்கல.

— விடேன்டி.

— நானே கேட்டுடறேன். நாக்குத்தான் சுருண்டு கெடக்கு, காதும் புத்தியும் தெளிவாத்தானே இருக்கு. மாத்திரை வேணுமா வேண்டாமான்னு கேக்கறேன். தலையாட்டட்டும்.

— போகாத.

— ஏன்?

— சொன்னாக் கேளு. உக்காரு.

— ஏம்மா கையப் பிடிச்சு இழுக்கற?

— டாக்டரா அந்த மாத்திரையக் குடுக்கல. இவரு கேட்டு வாங்கினாரு.

— எப்படிக் கேப்பாரு?

— எழுதறாரு. இடது கையால. உடற்பயிற்சி சொல்லிக் குடுக்க வர பொண்ணு ஒரு நோட்டக் குடுத்துப் பழக்கினா. ரெண்டு மாசமாச்சு.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— முதல்ல கோணல் கோணலா கோடுதான் வந்துச்சு. அப்புறம் எழுத்து. ஒரு எழுத்துக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊத்தும். அப்படி மூணு நாள் ஒரே பக்கத்தக் கட்டிட்டு உக்காந்திருந்தாரு, நான் பாக்காம மேல துண்டப் போட்டுட்டு. எழுத வந்ததும் முதல்ல எழுதினது அதுதான். எனக்குத்தான் ஏதோ எழுதறாருன்னு மடச்சி நான் நெனச்சேன். கிட்டப் போகாம தள்ளித் தள்ளி நின்னேன். முடிச்சதும் டாக்டர்கிட்ட குடுன்னு சைகை காட்டினாரு. டாக்டர் படிச்சாரு, என் மூஞ்சப் பாத்தாரு. அப்புறம்தான் மாத்திரை எழுதினாரு. புரை ஏறறதுக்கும் நல்லதுதாம்மான்னு எனக்காகச் சேத்துச் சொன்னாரு.

— இது எப்ப?

— அஞ்சு வாரம் முன்னாடி.

— பத்து நாளாத்தான் குடுக்கறேன்னியே.

— மிச்ச நாள் சத்து மாத்திரையக் குடுத்து ஏமாத்தினேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ உள்ள இருந்து வெளிய வரும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? உன்னப் பூட்டி வெக்கறதுக்கு முன்னாடி இருந்த மூஞ்சி. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்னு தள்ளிட்டே போனேன். அழுகை நிக்கலன்னதும் கண்டுபிடிச்சுட்டாரு. ரெண்டு நாள் வாயவே திறக்கல, தண்ணிகூட எறங்கல. அட்டைய அவரு கண்ணு முன்னாடி பிரிச்சுக் காட்டின அப்புறம்தான் திறந்தாரு.

— அந்த நோட்டு எங்க?

— அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டேன்.

— படிச்சிட்டுத்தானே கிழிச்ச. என்ன எழுதியிருந்தாரு?

— வேண்டாண்டி.

— அடுத்த வாரம் என் பொண்ணு இந்த வாசப்படிய மிதிக்கணுமா வேண்டாமா? சொல்லும்மா.

— 'மகள் வரும்போது அழுவது என் கண் மட்டும். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை. இதை நிறுத்துங்கள்.'