காப்புக் கட்டும் முன் ஒரு விண்ணப்பம்

விழா மேடைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் நாகநாதன் அய்யா அவர்களே, அம்மனின் அடிதொட்டு வாழும் பூசாரி கூத்தையா அவர்களே, நரைத்த தலைகளால் இந்தப் பந்தலுக்கு நிலவூட்டும் பெரியவர்களே, முளைப்பாரிக்கு விதை தூவப்போகும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் கைகூப்பு.

நாளைக் காலை காப்புக் கட்டு. கட்டியவர் விழா முடியும்வரை ஊரெல்லை தாண்டக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டைக் கண்ணாகப் போற்றுகிறவள், இன்று கண்ணீரோடு ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

மூன்று ஆடிக்கு முன், காப்புக் கட்டிய மறுநாள், என் வீட்டுக்காரர் சொன்னார்: "வள்ளி, வலக்கண்ணுல கறுப்புத் துணி தொங்குற மாதிரி இருக்கு."

"மதுரைக்குப் போவோம்" என்றேன்.

"காப்போட எல்லை தாண்டவா? கண்ணைக் குடுத்தவ பாத்துக்கிருவா, போ."

துணி நாளுக்கு நாள் இறங்கியது. விழா முடிந்து முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்த அன்று அந்தக் கண் முழுதும் இருட்டு.

மதுரை டாக்டரம்மா சொன்னதையும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் நம் மொழியில் சொல்கிறேன். கண்ணுக்குள் விழித்திரை என்றொரு மெல்லிய படலம். அது தன் இடத்தைவிட்டுக் கழன்றால், நாற்றங்காலில் பறித்துப் போட்ட நாற்று. வேருக்கு ஊட்டமில்லை. நாம் மூச்சாய் இழுக்கும் ஆக்சிஜனே அங்கே நிலைகெட்டு, இரும்பைத் துரு தின்பதுபோல் பார்வை அணுக்களைத் தின்கிறது. அதைத் தடுக்கும் காவற்பொருள்களும் உடம்பில் உண்டு. ஆன்டி ஆக்சிடண்ட் என்பார்கள். கீரையிலும் நெல்லிக்காயிலும் இருப்பவை அவற்றின் உறவு. அவை பறித்துக் கட்டிய நாற்றுமுடியில் தெளிக்கும் தண்ணீர். வாடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். தண்ணீர் தெளித்தே நெல் விளைத்தவர் உண்டா? நட வேண்டாமா? வாடுமுன் நட வேண்டாமா?

என்ன பூமயிலக்கா? "நெதமும் முருங்கைக்கீரை தின்னாப் போதாதா" என்றா? தின்னுங்கள், எனக்கும் ஒரு பிடி ஒடித்துக் கொடுங்கள். கண்ணில் திரை விழுந்தால் மட்டும் கீரையைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

மதுரையில் அவருக்கு விழித்திரையை ஒட்டினார்கள். ஒட்டியது, பார்வை வரவில்லை. கருகிய நாற்றை நட்டால் நிற்கும், பச்சை பிடிக்குமா? வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிறவள் நான். போன கண்ணை எந்தப் பக்கத்தில் எழுதுவேன்?

பெரியோர்களே, நேற்றிலிருந்து அவருடைய இடக்கண்ணில் மின்னல் வெட்டுகிறது. கொசுக்கூட்டம்போல் புள்ளி பறக்கிறது. போன கண்ணுக்கும் இப்படித்தான் தொடங்கியது. "காப்பைக் கட்டிக்கிட்டு, விழா முடியவும் போவோம்" என்கிறார். அதோ, முன்வரிசையில் பச்சைத் துண்டோடு இருக்கிறாரே, அவர்தான்.

பூசாரி அய்யா, அவர் காப்பை என் கையில் கட்டுங்கள். எல்லைக்குள் இருந்து அவர் விரதத்தை நான் காக்கிறேன். கொழுந்தன் வேல்சாமி அவரை இப்போதே மதுரைக்கு அழைத்துப் போகட்டும். அறுவை சிகிச்சை நடக்கையில் பக்கத்தில் இருக்கமாட்டேன். அந்தத் துயரத்தையும் ஆத்தா காலடியில் வைக்கிறேன். ஏற்பாளா, மாட்டாளா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பூசாரி அய்யா எழுந்துவிட்டார். "ஏலே, ஆத்தா கோவிக்கமாட்டா. கெளம்பு." எல்லோருக்கும் கேட்டதா?

அவரும் எழுந்து மேடையோரம் வந்து நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள்? அவர் சொன்னதை மைக்கில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஊர் அறியட்டும். "கீழ எறங்கி வா வள்ளி. உன் மொகத்த ஒரு தரம் நல்லாப் பாத்துட்டுப் போறேன்."

செவிகொடுத்த சபைக்கு நன்றி. அவர் பார்க்க வேண்டுமாம், இறங்குகிறேன். வணக்கம்.