கதைக்குத் தந்த பெயர்

தேநீருக்கு நன்றி, சார்ஜென்ட். பால் சற்றுக் கூடிவிட்டது. ஆயினும் சூடாக இருக்கிறது, அது போதும்.

முழுப் பெயரைச் சொல்லச் சொன்னீர்கள். சட்டப்படி நான் மக்டாரா கன்னீலி. இந்தக் கரையில் நாற்பது வீடுகள். அவற்றுள் இருபத்தாறு கன்னீலிகளுடையவை. அந்தப் பெயரை மட்டும் எழுதினால் ஒரு தபால் அட்டைகூட உரிய வாசலைச் சேராது. ஆகவே ஒருவன் பெயரோடு அவன் தந்தையின் பெயரையும் பாட்டனின் பெயரையும் செபமாலை மணிகளைப் போலக் கோத்தே எங்களை அழைப்பார்கள். நான் மக்டாரா ஸ்டிஃபான் லவ்ராஸ். ஸ்டிஃபான் என் தந்தை. என்னை ஒருவர் கூப்பிடும்போதெல்லாம் அவரும் கூப்பிடப்படுகிறார். என் மகனின் பெயரிலோ அவர் கடைசி மணியாக நிற்கிறார்.

படகின் துணியை அறுத்தவன் யார் என்பது உங்கள் கேள்வி. அதற்கு வருகிறேன். முதலில் பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாம் அங்கேதான், நல்லெண்ணத்தோடுதான், தொடங்கியது.

சென்ற ஆண்டு வசந்தத்தில் டப்ளினிலிருந்து ஈத்னா கீனன் என்ற பெண்மணி வந்தார், நாவலாசிரியர். வளைகுடாவின் எதிர்க்கரையில் வீடு எடுத்திருந்தார். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்தவன், கோவிலில் பாடகர் குழுவை நடத்துபவன், திருமுழுக்குப் பதிவேட்டைக் காப்பவன். எனவே பங்குத்தந்தை அவரை என்னிடம் அனுப்பினார். கதைமாந்தர்க்கு மெய்யான ஐரிஷ் பெயர்கள் வேண்டும் என்று அம்மையார் கேட்டார். கையில் ஒரு பட்டியலும் இருந்தது. அதில் நண்டுக்கூடை இறக்கும் ஒருவனுக்குப் பழங்காவியத்து இளவரசனின் பெயரைச் சூட்டியிருந்தார்.

“இந்தப் பேரோட ஒருத்தன் துறைக்கு வந்தான்னா மீனே சிரிக்கும், அம்மா,” என்றேன்.

“அப்போ நீங்களே வையுங்க மாஸ்டர். நான் எழுதிக்கிறேன், அவ்வளவுதான்.”

ஆறு வாரம் அந்த வேலை நடந்தது. என் வாழ்வின் இனிய வாரங்களுள் அவையும் அடங்கும் என்பதை மறைக்கமாட்டேன். இன்ன ஆண்டில் பிறந்த மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர். இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர். இன்ன தீவின் புனிதர் பெயர் இந்தக் கரையைத் தாண்டி வழங்காது. துதிப்பாடலில் ஒரு சீர் மிகுந்தாலும் செவி உடனே கண்டுகொள்ளும். பெயரும் அத்தகையதே. பொய்ப் பெயர் ஒன்று புகுந்தால் கதை முழுவதும் பொய்யாகிவிடும். அவரிடம் இதைப் பலமுறை சொன்னேன்.

அவருடைய கதையை நீங்கள் அறிவீர்கள். சுண்ணாம்புக் காளவாயில் ஒளிந்திருந்த இரு சகோதரர்களை ஆங்கிலேயப் படை வந்து சுட்டுக் கொன்றது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் எங்கள் ஊரில் நடந்தது. காட்டிக் கொடுத்தவன் யார் என்பது ஐம்பத்திரண்டு ஆண்டுகளாகத் தெரியவில்லை. அந்தச் சகோதரர்களின் தங்கை சோர்க்கா இன்றும் முக்குக் கடையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றுவாள். மூன்றாவது ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள். அந்த மனிதனின் பெயர் தெரிகிற நாளில் ஏற்றுவேன் என்று சொல்லியிருந்தாள்.

ஈத்னா அம்மையாருக்குப் பழைய இராணுவக் கடிதம் ஒன்றின் நகல் கிடைத்திருந்தது. காட்டிக் கொடுத்தவன் பெயரை மையால் அடித்திருந்தார்கள். “அந்தச் சாலையில் குதிரைவண்டி வைத்திருப்பவன்” என்ற தொடர் மட்டும் தப்பியிருந்தது.

“இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன பேர் இருந்திருக்கும், மாஸ்டர்?” என்று பென்சிலைச் சீவியபடியே கேட்டார்.

அந்தச் சாலையில் அன்று ஒரே ஒரு குதிரைவண்டிதான் இருந்தது. அதன் பலகையில் அமர்ந்து நான் கால்களை ஆட்டியிருக்கிறேன். எனக்கு அப்போது ஆறு வயது. என் தந்தை தம் இறுதி நாளில் என்னிடம் சொன்னார். கூரையருகே தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, சகோதரர்கள் ஒளிந்த இடத்தைப் படையினர் கேட்டார்களாம். உள்ளே என் தாய் பேறுகால வேதனையில் கிடந்தாளாம். அவர் சொல்லிவிட்டார். நீங்களானாலும் சொல்லியிருப்பீர்கள். அதை ஊராரிடம் கூறியிருந்தால் சிலராவது மன்னித்திருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

பென்சில் சீவி முடிந்திருந்தது. அவர் காத்திருந்தார்.

எனக்கு ஒரு மகன். அவனுக்கு மூன்று குழந்தைகள். ஊரில் அப்படியில்லாதவர் ஒருவர் உண்டு. மணமாகவில்லை, உடன்பிறப்பில்லை, அவருக்குப் பின் அந்தப் பெயரைச் சுமக்க ஒருவருமில்லை. எங்கே வைத்தால் மிகக் குறைவாக வலிக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பொறுப்புள்ள எவரும் அப்படித்தான் எண்ணுவார்.

“ஃபெஸ்டி மார்கஸ் பார்ட்லி,” என்றேன்.

“ஆஹா, அலை அடிக்கிற மாதிரி இருக்கே!” என்று எழுதிக்கொண்டார்.

டப்ளினில் அது வெறும் ஓசை. இங்கே அது ஒரு வீட்டு வாசல்.

புத்தகம் வெளிவந்தது. வானொலியில் ஞாயிறு மதியந்தோறும் வாசித்தார்கள். ஃபெஸ்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது வானொலி தம் பெயரைச் சொல்லக் கேட்டார். முன்னுரையில் அம்மையார், “பெயர்கள் யாவும் மெய்யானவை, மாஸ்டருக்கு நன்றி” என்று எழுதியிருந்தார். அதையும் வாசித்தார்கள். மாஸ்டர் தெரியாமலா கொடுத்திருப்பார் என்று ஊர் முடிவு கட்டியது. என் மீது ஊருக்கு எப்போதும் மரியாதை உண்டு.

மறு ஞாயிறு சோர்க்கா மூன்றாவது மெழுகுவத்தியை ஏற்றினாள்.

அதன்பின் யாரும் ஃபெஸ்டியை அடிக்கவில்லை, திட்டவில்லை. கோவிலில் அவர் அமர்ந்த வரிசையில் எவரும் உட்காரவில்லை. அவருடைய கிழங்கைத் தோண்ட ஆள் வரவில்லை. தபால் வண்டிக்காரர் அவரை ஏற்றாமல் போனார். ஒரு பகல் ஃபெஸ்டி என் சமையலறைக்கு வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாஸ்டரே, அந்தப் பொண்ணுக்குப் பேரெல்லாம் நீங்கதானே குடுத்தீங்க?”

“ஆமா, ஃபெஸ்டி.”

“சும்மா ஒரு பேருதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. அந்தக் கதையில குதிரைவண்டி வருதாமே! அப்போ எங்கிட்ட ஒரு கழுதைகூடக் கெடையாதே. உங்கப்பா வண்டியில தொத்திக்கிட்டுத்தான் நானே திருவிழாவுக்குப் போவேன்.” அவர் சிரித்தார். “அதுக்காக உங்கப்பாவைச் சொல்லிருவாங்களா? தங்கமான மனுஷன்.”

அவர் மனத்தில் ஐயம் ஏதும் இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பேசுவதாக வாக்களித்தேன். மெய்யாகவே பேச எண்ணினேன். திருப்பலி முடிந்ததும் எழுந்து மக்களை நோக்கித் திரும்பினேன். ஃபெஸ்டி கடைசி வரிசையிலிருந்து என்னைப் பார்த்தார். சொல் வரவில்லை, சார்ஜென்ட். பழக்கத்தால் கை தானே உயர்ந்தது. அதைக் கண்டு பாடகர் குழு கன்னி மரியின் துதியைத் தொடங்கிவிட்டது. தொடங்கிய துதியை இடையில் நிறுத்துவது முறையன்று. நானும் பாடினேன்.

வெளியே அவர் கோபிக்கவில்லை. “பரவாயில்ல மாஸ்டரே, உங்களுக்குக் கூச்சம். புதன்கிழமை நானே அக்கரைக்குப் போயி அந்தப் பொண்ணைக் கேக்கறேன். அந்த வண்டிக்காரன் யாருன்னு அவகிட்டக் காகிதம் இருக்குமில்ல? எனக்கு வண்டியே இல்லைன்னு சொன்னா அவளே ரேடியோவுல சொல்லிருவா,” என்றார்.

சாலை வழியே சுற்றிப் போனால் இருபத்தெட்டு மைல். அவரை ஏற்ற ஒருவரும் இல்லை. நீர்வழி இரண்டு மைல்தான். எழுபத்து நான்கு வயதில் தனியாகத் துடுப்புப் போட வல்லவர். ஆனால் கரக் என்னும் எங்கள் படகைத் துறைக்குத் தனியே தூக்கிச் செல்ல ஒருவராலும் இயலாது. புதன் காலை என் கதவைத் தட்டினார்.

“ஒரு கை குடுங்க மாஸ்டரே. வேற யாரு இருக்கா எனக்கு?”

எங்கள் படகை நாங்கள் எப்படிச் சுமப்போம் என்று உங்களுக்குத் தெரியும். மெல்லிய மரச்சட்டங்களின் மேல் தார் பூசிய துணிதான் கரக். அதைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றுவோம். தூக்குபவர் தலை படகுக்குள் மறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கரிய வண்டு கால்களோடு நடப்பது போலிருக்கும். ஃபெஸ்டி முன்னே போனார், நான் பின்னே. உள்ளே இருள், தார் நாற்றம். அவர் தம் கால்களையும் பாதையையும் மட்டுமே பார்த்தார். நான் தலை நிமிர்ந்தேன்.

எனக்கும் அவருக்கும் நடுவே, இருக்கைப் பலகையை ஒட்டி, ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. ஒரு சாண் நீளம். நூல் அளவு அகலம். விடியற்கால வானம் அதன் வழியே வெள்ளையாகத் தெரிந்தது. கூரிய கத்தியால் சட்டத்தின் ஓரமாக அறுத்திருந்தார்கள். வெளியிலிருந்து தாரின் கருமையில் கண்ணுக்குப் புலப்படாது. தண்ணீரின் எடை அழுத்தினால் விரியும்.

துறைக்கு இருநூறு அடி தொலைவு. அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நடந்தேன்.

“மாஸ்டரே, சத்தமே காணோம். செபம் சொல்றீங்களா?”

“ஆமா, ஃபெஸ்டி.”

“எனக்கும் சேத்துச் சொல்லுங்க.”

சொன்னேன். அதில் பொய் இல்லை. ‘கோடு’ என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாய் திறக்கவேயில்லை. என் நாக்கு என்னுடையதாக இல்லை என்பது போன்ற நிலை. வேறு எவ்வாறு விளக்குவதென்று தெரியவில்லை. நீர் விளிம்பில் படகை நிமிர்த்தி மிதக்கவிட்டோம். அவர் ஏறி உட்கார்ந்தார். அவர் காலடிப் பலகை அந்த இடத்தை மறைத்துக்கொண்டது. நான் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினேன். “கடவுள் வழித்துணை” என்றேன். புறப்படுபவரிடம் எல்லாரும் சொல்வதுதான்.

வியாழன் பாடகர் குழுவுக்குப் பயிற்சி இருந்தது, போனேன். அவரை நான்கு நாள் கழித்துக் கடற்பாசிக்கிடையில் கண்டெடுத்தார்கள்.

அடுத்த அறையில் சோர்க்காவின் அண்ணன்மகன் கோல்மனை வைத்திருக்கிறீர்கள். கத்தி அவனுடையதாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. அந்த வாரம் ஊரில் கத்தி இல்லாத கை எது? ஆனால் அறுத்தவனுக்கு ஃபெஸ்டி புறப்படும் வேளை தெரியாது. அந்த ஒளியையும் அவன் காணவில்லை. பெயரைக் கொடுத்தவன் நான். படகைச் சுமந்தவன் நான். தள்ளிவிட்டவனும் நானே. எழுதிக்கொள்ளுங்கள்; கையொப்பமிடுகிறேன்.

ஒன்று மட்டும் வேண்டுகிறேன். வண்டி வைத்திருந்தவர் பற்றிச் சொன்னேனே, அதை அப்படியே எழுதினால் நீதிமன்றத்தில் வாசிப்பார்கள், வானொலியும் சொல்லும். என் தந்தை இதில் சம்பந்தப்பட்டவர் அல்லர். அந்த இடத்தில் வேறொரு பெயரைப் போடுங்கள். கண்ட பெயரை எழுதிவிடாதீர்கள்; இந்தக் கரைக்குப் பொருந்த வேண்டும், காதுக்கு மெய்யாக ஒலிக்க வேண்டும். பென்சிலை இப்படிக் கொடுங்கள். பின்னால் யாருமில்லாத பெயர் இன்னொன்று எனக்குத் தெரியும்.