அறுபது கத்தரி

— அறுபது காணாது அத்தான். நூற்றிருபது செடி வேணும்.

— உனக்கென்ன விசரே அஜந்தா? இந்தக் கிறீன்ஹவுசுக்குள்ள அறுபது கத்தரிக்கே மூச்சு விட இடமில்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில கவுன்சில் தந்த துண்டு நிலம் இது. எங்கட வன்னிக் காணியே?

— அப்ப திங்கட்கிழமை பேராசிரியரிட்ட என்னத்தைக் காட்டுறது? எல்லாம் ஒரே உயரம், ஒரே காய், ஒரே நிறை! சமாதான நேரம் யாழ்ப்பாணத்தில வெய்யிலுக்குள்ள சைக்கிள் உழக்கி, முப்பது வீட்டு வளவில கேட்டு வாங்கின விதை அத்தான். முள்ளுக் கத்தரி, வெள்ளைக் கத்தரி, நீட்டுக் கத்தரி... அதெல்லாம் எங்க போச்சு?

— பேராசிரியர் என்ன சொல்லுறார்?

— பத்துச் செடி அளந்தாக் காணும் எண்டவர். பத்துக்குள்ள ஒரு வெள்ளையும் அகப்படாமல் போகும், கூட்டி வைச்சாத்தான் எல்லாச் சாதியும் தலை காட்டும் எண்டு சண்டை பிடிச்சு அறுபதாக்கினது நான். இப்ப சிரிக்கிறார். வித்தியாசம் இல்லாட்டி ஆராய்ச்சியை நிப்பாட்டட்டாம். நாலு வருசம்! பத்தி எரியுது எனக்கு.

— அழாதை பிள்ளை. நூற்றிருபது வைச்சாலும் உதுதான் வரும்.

— ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?

— திறமான விதையெல்லே. ஊரில என்ன செய்யிறது? கொழுத்த காயாப் பாத்து, துணி கட்டி விதைக்கு விடுறது. போன வருசம் மூலையில ஒரு ஊதாக் கத்தரி நிண்டது, சோக்கான செடி. அதில ரண்டு காயைப் பழுக்க விட்டு எடுத்த விதைதான் இந்த அறுபதும்.

— ஒரு செடியிலயோ? ஒவ்வொரு செடியிலயும் ஒரு காய் எடுங்கோ எண்டு எழுதியெல்லே தந்தனான்!

— தந்தனிதான். முள்ளுக் கத்தரிக்குப் போய் ஆரும் விதை எடுப்பினமே?

— ஐயோ... அப்ப நான் அளந்தது அறுபதில்லை. ஒண்டைத்தான் அறுபது தரம் அளந்திருக்கிறன். சரி, நான் தந்த பைக்கற்றுகளில மிச்ச விதை கிடக்கே?

— விதை பெருக்கித் தாங்கோ எண்டு சொன்னனி. முழுக்கப் போட்டாச்சு.

— திரும்பச் சண்டை தொடங்கி ஊருக்குப் பாதை பூட்டி ஒரு வருசம் அத்தான். இனி ஆர் போய் எடுக்கிறது? மற்றச் செடியளின்ர காயெல்லாம் என்ன செய்தனீங்கள்?

— பிஞ்சிலயே ஆய்ஞ்சு உன்ர அக்கா குழம்பு வைச்சவள். ஞாயிறு ஞாயிறா வந்து, இன்னும் கொஞ்சம் விடுங்கோ எண்டு கேட்டுச் சாப்பிட்டது நீதானே.