வாத்து வயலில் முதல் வட்டம்

— கல்லு வெட்டுறவரு வெயில்ல உக்காந்திருக்காரு, துரைராசு. ‘முதலில் விமானம் பறக்கவிட்டவர்’னு வரைக்கும் வெட்டிட்டாரு. கீழ யாரு பேருன்னு கேக்குறாரு.

— நான் என்ன சொல்றேன்னா ஞானாக்கா, இதுல கேக்க என்ன இருக்கு? என் பேருதான். சாயந்தரம் கல்லு திறப்பு விழா. தஞ்சாவூர்லேர்ந்து காலேஜ் பசங்கள்லாம் ரிமோட்டு ஏரோப்ளேனைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.

— யா அல்லா! பட்டப்பகல்ல இப்படிப் புளுகுறானே! அக்கா, சிங்கப்பூர்லேர்ந்து அந்த முதல் ஏரோப்ளேன் பெட்டியை மடியிலயே வச்சுக் கொண்டாந்தவன் நான். இவன் கொண்டாந்தது ஒரு பசை டப்பா.

— அந்தப் பசை இல்லேன்னா உங்க ஏரோப்ளேன் றெக்கை எப்பவோ கழண்டிருக்கும், அஜீஸ் பாய்.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஆண்டு விழான்னா ஒருத்தன் மூஞ்சி போட்டு ஒரு பேனரு, இன்னொருத்தன் மூஞ்சி போட்டு இன்னொண்ணு. பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு. வருசா வருசம் சம்பா அறுத்த கையோட உங்க ஏரோப்ளேன் சங்கம் பறக்கவிடுறது என் வயல்ல. இதுல பொய்யை நட்டு வைக்க விடமாட்டேன். உண்மையைச் சொல்லலேன்னா கல்லும் வேணாம், நீங்களும் வேற வயலு பாத்துக்குங்க.

— யக்கா, அப்படிச் சொல்லாதீங்க! கரண்டு கம்பி குறுக்க போகாத வயலு, திருவாரூர் வரைக்கும் தேடினாலும் கெடைக்காது. சங்கமே போயிரும்.

— அப்பச் சொல்லு, துரை. மொத மொதல்ல பறக்கவிட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சு?

— நான் என்ன சொல்றேன்னா, பாய் தூக்கி வீசினாரு, ரிமோட்டு என் கையில. ஏரோப்ளேன் தள்ளாடிக்கிட்டே ஏறிருச்சு. கெரகம், அந்தக் கோடியில வாத்து மேயுறதைப் பாக்கலை.

— ஆயிரம் வாத்துடா! ‘வெள்ளையா என்னமோ பூத்திருக்கு பாய்’னு சொன்னவன்தானே நீ? பருந்துன்னு நெனச்சு எல்லாம் செதறி ஓடுச்சு, அக்கா. வாத்துக்காரரு கம்பைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ‘வாத்து மேயுற வயல்ல பறக்கவிடக்கூடாது’ன்னு சங்கத்துல முதல் சட்டம் போட்டதே அதனாலதான்.

— சட்டம் இருக்கட்டும் அஜீசு. வாத்துக்காரரு வந்தாரு, அப்புறம்?

— இவன்கிட்டேர்ந்து ரிமோட்டைப் புடுங்கி, வயலைச் சுத்தி அழகா ஒரு வட்டம் போட்டு, உங்க வைக்கப்போர் மேல பூ மாதிரி எறக்கினேன்.

— பொய்யி, யக்கா! ரிமோட்டு என் கையை விட்டுப் போகவே இல்லை. பூ மாதிரி எறக்கினது நான். நீங்களும் அங்கதான் வைக்கோல் ஒதறிக்கிட்டு நின்னீங்க. ஆனா உங்களுக்கு இதெல்லாம் புரிஞ்சிருக்காது.

— ஆமா, எனக்கு என்ன புரியும். அப்புறம் ஒரு நாளு அந்த ரிமோட்டைக் குடுங்கடான்னு கேட்டதுக்கு, ‘நுட்பமான வேலை, நீங்க டீ போடுங்க’ன்னு சொன்னவங்கதானே. சரி, வாத்துக்காரரு கம்போட நிக்கிறாரு, நீ அசையாம நின்னு ஓட்டினே?

— வீரம்னா அதான், யக்கா.

— அப்ப வாய்க்காங்கரை கருவமுள்ளுல தொங்கின பச்சைக்கரை வேட்டி யாருது துரை?

— எ... எந்த வேட்டி?

— அலசிக் காயவச்சு உன் வீட்டுல கொண்டாந்து குடுத்தேனே. உன் பொண்டாட்டி வாங்கி வச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு மாதிரியா பாக்குது.

— அடப்பாவி! வேட்டி இல்லாமயாடா ஏரோப்ளேன் ஓட்டினே?

— சிரிக்காத அஜீசு. தெக்கால சேத்துல பொதைஞ்சு கெடந்த ஒத்தைச் செருப்பு யாருது? சிங்கப்பூர் செருப்பு. அப்ப இந்தப் பக்கம் வேற எவன் போட்டிருந்தான்?

— அக்கா, தாகமா இருக்கு. மோரு ஏதாச்சும் இருந்தா...

— மோரு அப்புறம். துரை, நீ முதல்ல.

— சரி யக்கா. ஓடிட்டேன். ரிமோட்டை வரப்புல வச்சுட்டு ஓடி மதகுக்கடியில பூந்துக்கிட்டேன். எட்டிப் பாத்தா ஏரோப்ளேன் வட்டம் போடுது. பாய் மட்டும் தில்லா நின்னு ஓட்டுறாரேன்னு வயித்தெரிச்சல். டீக்கடையில முந்திக்கிட்டு என் பேரைச் சொல்லிட்டேன். கல்லுல அவரு பேரையே போடுங்க. நீங்கதான் பாய் வீரரு.

— நான் எங்கடா வீரன்? கம்பைப் பாத்ததும் உனக்கு முன்னாடி ஓடினவன் நான்! கோரைக்குள்ள குப்புறக் கெடந்தேன். நீ ஓட்டுறேன்னுல்ல நெனச்சேன்! நீ பெரிய ஆளாயிருவேன்னுதான் நானும் என் பேரைச் சொன்னேன்.

— என்ன பாய் சொல்றீங்க? அப்ப ஓட்டினது யாரு? வாத்துக்காரரா?

— அவரு உன் பின்னாடி மதகு வரைக்கும் போயிட்டாரு துரை. நீங்க ரிமோட்டுல இருக்குற அந்தக் குச்சியைப் போட்டுக் குலுக்கினதாலதான் அது தள்ளாடுச்சு. லேசா ஒரு பக்கம் சாச்சு வச்சா அதுவே வட்டம் போடும். எண்ணெய் தீர்ற சத்தம் கேட்டதும் வைக்கப்போர் பக்கம் திருப்பினாப் போதும்.

— யக்கா... இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீங்க ஓடினப்புறம் வயல்ல மிச்சம் நின்னது நானும் நாலு வாத்துந்தான். ரிமோட்டு புடிக்க வாத்துக்குக் கட்டைவிரல் கிடையாது.